எப்பவும் துப்பாக்கிதானா? இரண்டாம் உலகப்போர் டிரெய்னிங் கேம்ப்ல ஒரு சிப்பாயோட நாள்

கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப்போர் டைம்ல அமெரிக்க ஆர்மிக்குப் போன ஒரு 18, 19 வயசுப் பையன் டிரெய்னிங் கேம்ப்ல நாள் முழுக்க என்னதான் பண்ணுவான், படத்துல காட்டுற மாதிரி எப்பவும் துப்பாக்கியும் கத்துற சார்ஜென்ட்டும்தானா, அப்புறம் அந்தப் பயிற்சி நிஜ சண்டைக்குப் போதுமானதா இருந்துச்சா?

முதல் பாதிக்கு ஒரு வரில பதில் வேணும்னா, துப்பாக்கி கொஞ்சம், வரிசைல நிக்கிறதும் கழுவுறதும் தேய்க்கிறதும் சும்மா காத்துக் கிடக்கிறதும் நிறைய. ரெண்டாவது பாதிக்குக் கடைசில வரேன், ஏன்னா அதுல கேம்ப்பை விட கேம்ப் முடிஞ்சதுக்கு அப்புறம் அந்தப் பையனை என்ன பண்ணாங்கங்கிறதுதான் முக்கியம்.

முதல்ல அவன் எப்படி வந்து சேர்றான்னு பாத்துடுவோம். 1940 செப்டம்பர்ல சண்டைல நேரடியா இறங்குறதுக்கு முன்னாடியே கட்டாய ராணுவ சேவைச் சட்டம் போட்டாங்க, அப்ப 21லேர்ந்து 35 வயசு வரைக்கும்தான், ஒரு வருஷம் இருந்தா போதும்னு சொல்லித்தான் கூப்பிட்டாங்க. 1941 ஆகஸ்ட்ல அந்த ஒரு வருஷத்தை நீட்டிக்கிற மசோதா கீழ்சபைல 203க்கு 202ன்னு ஒரே ஒரு ஓட்டுல பாஸ் ஆச்சு, அதுக்கு நாலு மாசத்துல ஜப்பான் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தைத் தாக்கிச்சு, அப்புறம் யாரும் கணக்கு கேக்கல. 1942 நவம்பர்ல வயசை 18க்கு இறக்கினாங்க. அதனால 1943 கேம்ப்ல இருந்த கூட்டத்துல நிறைய பேர் பள்ளிக்கூடத்துலேர்ந்து நேரா வந்தவங்க, வீட்டை விட்டு ஒரு ராத்திரி கூட வெளில தங்காதவங்க அதுல ஏராளம்.

ரிசப்ஷன் சென்டர்னு ஒரு இடம், அங்க சில நாள். போட்டுட்டு வந்த துணியை வீட்டுக்கு பார்சல் போடணும், ஆர்மி துணியை வாங்கி மாட்டணும், ஷூ அளவு எடுக்கும்போது ரெண்டு கையிலயும் கனத்தைக் குடுத்து நிக்க வைப்பாங்க, மூட்டை தூக்கிட்டு நடந்தா பாதம் எவ்ளோ விரியும்னு பாக்க. இந்த மாதிரி சின்ன விஷயத்துல அந்த ஆர்மி நல்லாவே யோசிச்சிருக்கு. அப்புறம் ரெண்டு கையிலயும் வரிசையா ஊசி. அந்த ஊசில ஒண்ணு பெரிய விபரீதமாவே ஆயிடுச்சு, 1942ல மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசில மனித சீரம் கலந்திருந்ததால கல்லீரல் வைரஸ் பரவி சுமார் 50,000 சிப்பாய்ங்க மஞ்சள் காமாலையோட ஆஸ்பத்திரில படுத்தாங்க. எதிரி முகத்தைக் கூட பாக்காம இத்தனை பேர்.

அங்கயே ஒரு பரீட்சை, 40 நிமிஷத்துல 150 கேள்வி, வார்த்தை அர்த்தம், கணக்கு, படத்துல எத்தனை கட்டை இருக்குன்னு எண்றது இப்படி. மார்க்கை வச்சு அஞ்சு வகுப்பா பிரிப்பாங்க, குறைஞ்சது 110 வாங்கினாத்தான் ஆபீசர் பள்ளிக்கு மனு போடவே முடியும். ராத்திரி முழுக்க ரயில்ல வந்து தூக்கக் கலக்கத்துல எழுதின அந்த 40 நிமிஷம் பல பேரோட மிச்ச வாழ்க்கையைத் தீர்மானிச்சிருக்கு, எனக்கு இந்த விஷயம் எப்ப படிச்சாலும் கொஞ்சம் நெருடும். கழுத்துல மாட்டுற தகட்டுல பேரு, நம்பர், ரத்த வகை, டெட்டனஸ் ஊசி போட்ட வருஷம், மதத்துக்கு ஒரு எழுத்து. நம்பரோட முதல் இலக்கம் 1ன்னா தானா வந்து சேர்ந்தவன், 2ன்னா நேஷனல் கார்டு, அதாவது மாநிலங்களோட பகுதிநேரப் படை வழியா வந்தவன், 3ன்னா கட்டாயத்துல இழுத்துட்டு வந்தவன், அதனால தகட்டைப் பாத்தாலே ஆள் எப்படி வந்தான்னு தெரிஞ்சிடும். மதத்துக்கான எழுத்து யூதப் பையன்களுக்குப் பின்னாடி தலைவலியாச்சு, ஜெர்மன்காரன் கைல மாட்டினா என்ன ஆகும்னு பயந்து ஐரோப்பால சில பேர் தகட்டையே தூக்கிப் போட்டாங்க.

அப்புறம்தான் டிரெய்னிங் சென்டர். காலாட்படைக்கு டெக்ஸாஸ்ல கேம்ப் வோல்டர்ஸ், தெற்கு கரோலினால கேம்ப் கிராஃப்ட், ஃபுளோரிடால கேம்ப் பிளாண்டிங், கலிஃபோர்னியால கேம்ப் ராபர்ட்ஸ்னு பல இடம். நிறைய தெற்குலயே இருந்ததுக்குக் காரணம் வருஷம் பூரா வெளில பயிற்சி பண்ணலாம், பனி கிடையாது. அவசரமா கட்டின ரெண்டு மாடி மர பாரக்ஸ், ஒண்ணுல 60 பேருக்குக் கொஞ்சம் மேல, மேல ஒரு ஹால் கீழ ஒரு ஹால், கட்டில் கட்டிலா வரிசை, கால்மாட்டுல ஒரு மரப்பெட்டி. அவனுக்கு சொந்தம்னு சொல்லிக்க அந்தப் பெட்டி மட்டும்தான், அதையும் இன்ஸ்பெக்‌ஷனுக்குத் திறந்து வைக்கணும், சோப்பு எங்க, ரேஸர் எங்க, சாக்ஸ் எப்படி சுருட்டி வைக்கணும் எல்லாத்துக்கும் படம் போட்டு விதி. கக்கூஸ்ல தடுப்பே கிடையாது, வரிசையா உக்காரணும். வெடியை விட, நடையை விட இதுதான் முதல் வாரத்துல பல பையன்களை உடைச்சது, கூச்சத்துல ராத்திரி எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம் எழுந்து போவாங்க, அங்க போனா இவனை மாதிரியே இன்னும் நாலு பேர் நிப்பான்.

நாள் எப்படின்னா, காலைல ஆறு மணிக்கு முன்னாடியே விசில், வெளில இருட்டுல வரிசைல நின்னு பேர் சொல்லணும், உள்ள வந்து கட்டில் மடிக்கணும், சாப்பாட்டுக்கு வரிசை, அப்புறம் பாரக்ஸைச் சுத்தி குனிஞ்சுக்கிட்டே நடந்து சிகரெட் துண்டு பொறுக்கணும். பீடி சிகரெட் தொடாதவனும் பொறுக்கணும், அதுல விலக்கு கிடையாது. அதுக்கப்புறம் உடற்பயிற்சி, அணிவகுப்பு, லெக்சர். லெக்சர் ஹால்ல லைட்டை அணைச்சுப் படம் ஓட்டினா பாதிப் பேரு தூங்கிடுவான், பால்வினை நோய் பத்தின படம் மட்டும் யாரும் தூங்கினதா தெரியல. மத்தியானம் வெளில, பள்ளம் தோண்டுறது, மேப் படிக்கிறது, பயனெட்னு துப்பாக்கி முனைல மாட்டுற கத்தி, கையெறி குண்டு. சாயங்காலம் கொடி இறக்குற மரியாதைக்கு திரும்ப ஷூ பாலிஷ், திரும்ப வரிசை. ராத்திரி ஒன்பது வாக்குல லைட் ஆஃப்.

இதுக்கு நடுவுல முறை வச்சு கேபி வரும், அதாவது கிச்சன் வேலை. கேபி டியூட்டி இருக்கிறவன் முதல் நாள் ராத்திரியே கட்டில் கால்மாட்டுல டவலைக் கட்டி வச்சிடணும், விடிகாலைல காவக்காரன் இருட்டுல அந்த டவல் இருக்கிற ஆளை மட்டும் உலுக்கி எழுப்புவான். அப்ப எழுந்தா ராத்திரி சாப்பாடு முடிஞ்சு கடைசி அண்டா கழுவுற வரைக்கும் விடுதலை இல்ல. உருளைக்கிழங்கு உரிக்கிறதை கார்ட்டூன்ல நிறைய பாத்திருப்பீங்க, உண்மைல அது உக்காந்து பண்ற சுகமான வேலை, எல்லாரும் அதுக்குத்தான் அடிச்சுப்பாங்க. எண்ணெய்ப் பிசுக்கு தேங்குற தொட்டியை வழிக்கிறதுதான் நரகம்.

சாப்பாடு பத்தி எல்லாரும் திட்டுவாங்க, ஆனா அளவு தாராளம். 1930கள் பொருளாதார சரிவுல அரை வயித்தோட வளர்ந்த பையன்களுக்கு மூணு வேளையும் கறி, பால், வெண்ணெய்னு கிடைச்சது அதான் முதல் தடவை, பயிற்சில இவ்ளோ ஓடியும் நிறைய பேருக்கு எடை கூடிச்சு. காய்ஞ்ச மாட்டுக்கறியை வெள்ளை சாஸ்ல போட்டு ரொட்டி மேல ஊத்துற ஒரு அயிட்டம் இருக்கு, அதுக்கு சிப்பாய்ங்க வச்ச பட்டப்பேரு இங்க எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை ராத்திரி பார்ட்டின்னு சொல்லுவாங்க, கேள்விப்பட்டா ஜாலியா இருக்கும், விஷயம் என்னன்னா பாரக்ஸ் தரை முழுக்க மஞ்சள் சோப்பு போட்டு முட்டி போட்டு பிரஷ்ஷால தேய்க்கிறது, ஜன்னல் துடைக்கிறது, ரைஃபிள் சுத்தம் பண்றது. சனிக்கிழமை காலைல ஆபீசர் வந்து விரலால தடவிப் பாப்பாரு. ஒருத்தன் கட்டில்ல சுருக்கம் இருந்தா மொத்த பாரக்ஸுக்கும் வாரக்கடைசி லீவு கட். இதெல்லாம் வெத்து அதிகாரம்னு சிப்பாய்ங்க கடைசி வரைக்கும் பொருமினாங்க, பாதி உண்மைதான், சில சார்ஜென்ட்டுங்களுக்கு அது வெறும் ருசி. ஆனா ஒருத்தன் தப்புக்கு அறுபது பேர் அனுபவிக்கணும்கிற ஏற்பாடு தற்செயலா வந்தது கிடையாது, பக்கத்துக் கட்டில்காரன் ஷூவை நாம பாலிஷ் போட்டுக் குடுக்கிற நிலைக்கு வந்துட்டா அவங்க நினைச்சது நடந்துடுச்சுன்னு அர்த்தம்.

சரி துப்பாக்கிக்கு வருவோம். ஆரம்பத்துல துப்பாக்கியே பத்தல, 1941 ஒத்திகைகள்ல லாரி மேல டாங்க்னு போர்டு எழுதி ஓட்டினாங்க, மரக்கட்டையை துப்பாக்கின்னு வச்சுக்கிட்டு ஓடினாங்க, முதல் உலகப்போர் காலத்து ரைஃபிள்லயே 1942லயும் நிறைய பேர் கத்துக்கிட்டாங்க. எம்1 கராண்ட்ங்கிற புது ரைஃபிள் கைக்கு வந்ததும் நிலைமை மாறிச்சு, எட்டு தோட்டா, கிட்டத்தட்ட 4.3 கிலோ, தோட்டாவை உள்ள தள்ளுற போல்ட்டை ஒவ்வொரு தடவையும் கையால இழுக்க வேண்டாம். அதுல ஒரு வம்பு, திறந்திருக்கிற போல்ட் கட்டை விரலை வச்சிருக்கும்போதே படார்னு மூடிக்கும், நகம் கறுத்துப் போகும், புதுப் பையன் யாருன்னு விரலைப் பாத்தே சொல்லிடலாம். சுடுற இடத்துக்குப் போறதுக்கு முன்னாடி நாள் கணக்குல வெறும் துப்பாக்கியை வச்சு படுத்து, உக்காந்து, நின்னு குறி பாக்கிறது, டிரிகர் அழுத்துறது மட்டும்தான். சுடும்போது குறி மொத்தமா தப்பிச்சுன்னா அந்தப் பக்கக் குழிலேர்ந்து சிவப்புக் கொடியை ஆட்டுவாங்க, மேகியோட உள்பாவாடைன்னு அதுக்குப் பேரு, எல்லாரும் சிரிப்பாங்க. சுடுறவங்கள்ல பாதிப் பேரு குழிக்குள்ள உக்காந்து மத்தவன் சுடுற அட்டையை ஏத்தி இறக்கணும், தலைக்கு மேல தோட்டா போற சத்தம் எப்படி இருக்கும்னு நிறைய பேர் முதல்ல கேட்டது அங்கதான்.

நடையும் அப்படித்தான், முழு மூட்டையோட மணிக்கு 50 நிமிஷம் நட, 10 நிமிஷம் உக்காரு, கடைசில 25 மைல் ஒரே மூச்சுல. தெற்கு வெயில்ல இதுல சுருண்டு விழுந்தவங்க நிறைய.

1943லேர்ந்து கட்டாயமாக்கின ஒண்ணு இருக்கு, தரைப்படைப் பயிற்சி முழுக்கப் பொறுப்பா இருந்த ஜெனரல் லெஸ்லி மெக்நேர் காலத்துல வந்தது. முள்கம்பிக்கு அடில வயித்தால ஊர்ந்து போகணும், மேல மெஷின் கன் நிஜத் தோட்டா சுட்டுக்கிட்டே இருக்கும், அங்கங்க குழில வெடி வெடிக்கும். தலையைத் தூக்கினா முடிஞ்சது. பகல்ல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, ராத்திரில தோட்டா கோடு கோடா வெளிச்சமா போறது தெரியும். இந்த அளவு நிஜம் வேணுமான்னு அப்பவே சண்டை நடந்துச்சு, பயிற்சிலயே ஆள் செத்தா யார் பதில் சொல்றதுன்னு. வேணும்னு நின்ன அந்த மெக்நேரே 1944 ஜூலை 25 நார்மண்டில முன்வரிசைக்குப் போய் பாத்துட்டு இருக்கும்போது அமெரிக்க விமானங்களே குறி தப்பிப் போட்ட குண்டுல செத்துப் போனாரு.

சம்பளம் 1942 ஜூன் வரைக்கும் மாசம் 21 டாலர், அப்புறம் 50. ஐம்பதும் கைக்கு வராது, 10,000 டாலர் இன்ஷூரன்ஸுக்கு ஆறு டாலர் சொச்சம், லாண்டரி, போர்ப் பத்திரம், கல்யாணம் ஆனவன்னா பொண்டாட்டிக்குப் போற தொகைல 22 டாலர் இவன் சம்பளத்துலேர்ந்து பிடிப்பாங்க, அரசாங்கம் 28 போட்டு 50ஆ அனுப்பும். மிச்சம் சம்பள நாள் ராத்திரியே ஏதோ ஒரு கட்டில் போர்வை மேல தாயக்கட்டைல போயிடும், விடியும்போது பாரக்ஸ் காசு முழுக்க ரெண்டு பேர் கிட்ட இருக்கும்.

லெட்டர் பத்தி சொல்லணும். 1942லேர்ந்து சிப்பாய்க்கு தபால் தலை வேண்டாம், மூலைல ஃப்ரீன்னு எழுதினா போதும். உள்நாட்டு கேம்ப்லேர்ந்து போற லெட்டரை பொதுவா யாரும் பிரிச்சுப் படிக்கல, தணிக்கை கடல் தாண்டினதுக்கு அப்புறம்தான். அப்படியும் அந்த லெட்டர்ஸை எடுத்துப் பாத்தா அவனே பாதியை மறைச்சிருப்பான், சாப்பாடு பரவால்ல, வெயில் ஜாஸ்தி, பிஸ்கட் அனுப்பு, தம்பியை என் சைக்கிளைத் தொடவேணாம்னு சொல்லு. அழுததை எழுதமாட்டான். பழைய லெட்டர்ஸ் படிக்கிறவங்களுக்கு ஒரு டிப்ஸ், என்ன எழுதியிருக்கான்னு பாக்கிறதை விட எவ்ளோ அடிக்கடி எழுதியிருக்கான்னு பாருங்க, முதல் மூணு வாரத்துல தினம் வரும், அப்புறம் இடைவெளி விழும், அங்க அவனுக்குக் கூட்டாளி கிடைச்சுட்டான். எழுதப் படிக்கவே தெரியாம வந்தவங்களும் இருந்தாங்க, 1943லேர்ந்து சுமார் 3 லட்சம் பேரைத் தனி யூனிட்ல வச்சு, பிரைவேட் பீட்னு ஒரு சிப்பாய் கதாபாத்திரம் வர பாடப் புத்தகத்தை வச்சு வாரக்கணக்குல படிக்கச் சொல்லிக் குடுத்தாங்க. அந்த ஆர்மி பண்ணதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இதுதான்.

இதுவரைக்கும் சொன்னது வெள்ளைக்காரப் பையனோட நாள். கறுப்பினச் சிப்பாய்க்கு பாரக்ஸ் தனி, கடை தனி, தியேட்டர் தனி, கேம்ப் கேட்டைத் தாண்டினா கறுப்பினத்தவரை எல்லாத்துலயும் தனியா ஒதுக்குற தெற்கு மாநிலச் சட்டம். சில ஊர்ல ஜெர்மன் போர்க்கைதி உள்ள உக்காந்து சாப்பிடுற ஹோட்டல்ல இவனுக்கு இடமில்லைன்னு திருப்பி அனுப்பியிருக்காங்க. பின்னாடி பேஸ்பால்ல பெரிய ஆளான ஜாக்கி ராபின்சன் 1944 ஜூலைல டெக்ஸாஸ் கேம்ப் ஹூட்ல லெஃப்டினன்ட்டா இருந்தப்ப பஸ்ல பின் சீட்டுக்குப் போக மாட்டேன்னு சொன்னதுக்கு கோர்ட் மார்ஷல்ங்கிற ராணுவ நீதிமன்ற விசாரணை வரைக்கும் போச்சு, ஆகஸ்ட்ல விடுதலை ஆனாரு. ஆர்மில இந்தப் பாகுபாட்டை ஒழிக்க உத்தரவு வந்தது 1948ல. மிசிசிப்பி கேம்ப் ஷெல்பில ஜப்பானிய வம்சாவளிப் பையன்களுக்குன்னு 442வது ரெஜிமென்ட், ஹவாய் தீவுப் பசங்களும் மெயின்லேண்ட், அதாவது அமெரிக்கப் பெருநிலத்துப் பசங்களும் அங்க ஓயாம அடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் ஹவாய் பசங்களை ஆர்கன்சாஸ்ல இருந்த தடுப்பு முகாமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, மெயின்லேண்ட் ஜப்பானியக் குடும்பங்களை முள்வேலிக்குள்ள, காவல் கோபுரத்துக்குக் கீழ அடைச்சு வச்சிருந்ததை அவங்க நேர்ல பாத்தாங்க. அதுக்கப்புறம் சண்டை அடங்கிடுச்சுன்னு பின்னாடி செனட்டரான டேனியல் இனோயே பல தடவை சொல்லியிருக்காரு.

இப்ப அந்த ரெண்டாவது கேள்வி, போதுமா? பயிற்சிக் காலம் 13 வாரம், பேர்ல் ஹார்பருக்கு அப்புறம் அவசரத்துல 8, திரும்ப 13, 1943ல 17 வாரம்னு ஏறி இறங்கிச்சு. பதினேழு வாரம் தனி ஆளுக்கு ஆயுதம் கத்துக்குடுக்க மோசமான அளவு இல்ல. கோளாறு எங்கன்னா, இவ்ளோ பாடுபட்டு அறுபது பேரை ஒருத்தருக்கொருத்தர் ஷூ பாலிஷ் போடுற அளவுக்குக் கொண்டுவந்துட்டு, கடைசி வாரம் முடிஞ்சதும் பிரிச்சு உதறிடுவாங்க. வீட்டுக்குக் கொஞ்ச நாள் லீவு, அப்புறம் மேரிலாண்ட்ல ஃபோர்ட் மீட் மாதிரி ஆளுங்களைச் சேர்த்து வச்சு அனுப்புற ஒரு டிப்போ, கப்பல், இன்னொரு டிப்போ, எங்க எவன் செத்தானோ அங்க தனி ஆளா இவனைச் சொருகுவாங்க. சண்டை நடுவுல போய் சேர்றவன் பேரு கூட பக்கத்துல இருக்கிறவனுக்குத் தெரியாது.

கேம்ப் வோல்டர்ஸ்ல பயிற்சி எடுத்த ரெண்டு பேரை வச்சுப் பாருங்க. ஆடி மர்ஃபி 1942ல அங்க இருந்தான், ஒல்லிப் பையன், அணிவகுப்புல மயங்கி விழுந்தான், இவனை சமையல் பள்ளிக்கு அனுப்பிடலாம்னு கம்பெனி கமாண்டரே முயற்சி பண்ணாரு. எடி ஸ்லோவிக் 1944ல அதே கேம்ப். மர்ஃபி வந்தப்ப 13 வாரப் பயிற்சி, ஸ்லோவிக் காலத்துல 17. மர்ஃபியும் தனி ஆளாத்தான் போனான், ஆனா 1943 பிப்ரவரில வட ஆப்பிரிக்கால கம்பெனியோட சேர்ந்து, ஜூலைல சிசிலில இறங்குறதுக்கு முன்னாடி மாசக்கணக்குல அந்த ஆளுங்களோடயே பழகவும் பயிற்சி எடுக்கவும் டைம் கிடைச்சுது. ஸ்லோவிக் 1944 ஆகஸ்ட்ல பிரான்ஸ்ல தன்னோட கம்பெனியைத் தேடிப் போற வழிலயே ஷெல்லடில மாட்டி வழி தவறி, ஒரு கனடா யூனிட்டோட ஆறு வாரம் ஒட்டிக்கிட்டு இருந்துட்டு, அப்புறம் கம்பெனிக்கு வந்ததும் என்னால முடியாது, ஓடிடுவேன்னு எழுதியே குடுத்துட்டான். 1945 ஜனவரி 26 அல்சேஸ்ல ஒரு கிராமத்துக்கிட்ட மர்ஃபி எரியிற டாங்க் டெஸ்ட்ராயர் (டாங்கை அழிக்கிற கவச வண்டி) மேல ஏறி நின்னு சுட்டு ஜெர்மன்காரங்களைத் தடுத்ததுக்கு அமெரிக்காவோட உச்ச வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் வாங்கினான். ஜனவரி 31, அதே அல்சேஸ்ல, ஸ்லோவிக்கை ஓடிப்போன குத்தத்துக்காக சுட்டுக் கொன்னாங்க, அந்தக் குத்தத்துக்கு அந்தப் போர்ல அமெரிக்கா தண்டனையை நிறைவேத்தின ஒரே ஆள் அவன்தான்.